கடைசிப் பத்து மீட்டர்: பனிக்காலத்தில் ஜியோகேஷிங்

ஒருவர் ஒளித்துவைத்த சிறு பெட்டியை, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொண்டு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் வெளிப்புற விளையாட்டு ஜியோகேஷிங். பெட்டிக்குள் ஒரு குறிப்பேடு இருக்கும். கண்டுபிடித்தவர் அதில் தேதியையும் தம் புனைபெயரையும் எழுதிவிட்டு, பெட்டியை முன்பு இருந்தபடியே மறைத்துவைத்துத் திரும்ப வேண்டும். உள்ளே பொம்மை, நாணயம் போன்ற சிறு பொருள்கள் இருந்தால் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஈடான ஒன்றை வைக்க வேண்டும். உலகெங்கும் இன்று 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இப்படி மறைந்திருக்கின்றன. அவற்றில் பல, பொதுப் பூங்காக்களின் நடைபாதைகளை ஒட்டிய மரப்பொந்துகளிலும் பாறை இடுக்குகளிலும் உள்ளன.

கோடையில் பெட்டியை மறைப்பவை இலையும் புல்லும். வடநாடுகளின் குளிர்காலத்தில் அந்த வேலையைப் பனி எடுத்துக்கொள்கிறது. திரை மட்டும் மாறுவதாகத் தோன்றினாலும், செயற்கைக்கோள் சமிக்ஞை, மின்கலம், பெட்டியின் பிளாஸ்டிக், காட்டு விலங்குகள், தேடுபவரின் விரல்கள் என எல்லாமே குளிரில் வேறு விதமாக நடந்துகொள்கின்றன. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் இதை விளக்க ஏற்ற இடம். அங்கே வட பகுதிகளில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை தரையில் பனி கிடக்கும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளும், 60-க்கும் மேற்பட்ட மாநிலப் பூங்காக்களும், குளிர்காலத்திலும் மூடப்படாத நடைபாதைகளும் உள்ள மாநிலம் அது.

விளையாட்டு பிறந்த கதை

அமெரிக்க ராணுவம் உருவாக்கிய ஜி.பி.எஸ். அமைப்பில், பொதுமக்களுக்கான சமிக்ஞையில் 2000-ஆம் ஆண்டு வரை வேண்டுமென்றே ஒரு பிழை கலக்கப்பட்டிருந்தது. அதனால் கருவி காட்டும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் நூறு மீட்டர் வரை வேறுபாடு வரும். ஒரு காட்டில் நூறு மீட்டர் பிழையோடு சிறு பெட்டியைத் தேடுவது வீண் வேலை. அதிபர் பில் கிளின்டனின் ஆணைப்படி, உலகப் பொது நேரத்தில் 2000 மே 2 அன்று அந்தப் பிழை நீக்கப்பட்டது. கையடக்கக் கருவிகளின் துல்லியம் ஒரே இரவில் ஏறத்தாழப் பத்து மடங்கு கூடியது.

மறுநாள், மே 3 அன்று, டேவ் அல்மர் என்ற கணினி ஆலோசகர் ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் ஊருக்கு அருகே ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்தார். அதில் புத்தகங்கள், மென்பொருள், கொஞ்சம் பணம், ஒரு உண்டிவில், ஒரு டின் பீன்ஸ் ஆகியவை இருந்தன. இடத்தின் எண்களை இணையச் செய்திக் குழு ஒன்றில் அவர் வெளியிட்டார். மூன்றே நாளில் மைக் டீக் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். அந்தப் பீன்ஸ் டின் இன்றும் இந்த விளையாட்டுக்காரர்களிடையே ஒரு நினைவுச்சின்னம். உணவுப் பொருளைப் பெட்டிக்குள் வைப்பது இப்போது விதிப்படி தவறு; வாசனை பிடித்து விலங்குகள் வந்து பெட்டியைக் கடித்துக் குதறிவிடும்.

வானிலிருந்து வரும் எண்கள்

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில், சுமார் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. சமிக்ஞை கிளம்பிய நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் தொலைவு தெரிந்தால், கருவி தன் இடத்தின் மூன்று அளவுகளையும், தன் சொந்தக் கடிகாரத்தின் பிழையையும் சேர்த்துக் கணக்கிட்டுவிடும். நேரத்தில் ஒரு நானோ நொடி தவறினால் தொலைவில் 30 சென்டிமீட்டர் தவறும்.

இந்த விளையாட்டில் எண்களை டிகிரியாகவும், ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பிரித்த நிமிடமாகவும் எழுதுவது வழக்கம். நிமிடத்தின் கடைசி இலக்கம் ஒன்று மாறினால், வடக்கு தெற்காக 1.85 மீட்டர் நகர வேண்டும். கிழக்கு மேற்காக எவ்வளவு என்பது அட்சரேகையைப் பொறுத்தது. மினியாபொலிஸ் நகரம் 45-ஆவது அட்சரேகையை ஒட்டியே இருக்கிறது. அங்கே அது 1.3 மீட்டர். ஆகவே வெளியிடப்படும் எண்கள் போதுமான அளவு நுட்பமானவைதான். சிக்கல் அளவீட்டில் வருகிறது. திறந்த வானத்தின் கீழ் நல்ல கைபேசி ஒன்றின் பிழை ஏறத்தாழ 5 மீட்டர். ஒளித்தவரின் கருவியிலும் 5 மீட்டர் பிழை, தேடுபவரின் கருவியிலும் 5 மீட்டர் பிழை என்றால், இரண்டும் சேர்ந்து சராசரியாக 7 மீட்டராகும். ஏழு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 154 சதுர மீட்டர். இலைகள் உதிர்ந்த தரையில் இவ்வளவு இடத்தைக் கண்ணால் அலசிவிடலாம். அதன்மேல் 40 சென்டிமீட்டர் பனி படிந்துவிட்டால், தேட வேண்டியது 60 கன மீட்டருக்கும் மேலான பனிக் குவியல். குளிர்கால ஜியோகேஷிங்கின் முழுக் கடினமும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது. செயற்கைக்கோளின் பணி கடைசிப் பத்து மீட்டருக்கு முன்பே முடிந்துவிடுகிறது. மீதி தூரத்தை நிலத்தைப் படிக்கத் தெரிந்தவர்தான் கடக்க முடியும்.

குளிர்காலம் ஒரு வகையில் சமிக்ஞைக்கு உதவியும் செய்கிறது. தரையை வந்தடையும்போது ஜி.பி.எஸ். சமிக்ஞையின் வலிமை ஒரு வாட்டின் நூறு கோடி கோடியில் ஒரு பங்கு அளவே. அதன் அலைநீளம் 19 சென்டிமீட்டர். அந்த அலையை நீர் உறிஞ்சிக்கொள்ளும். கோடையில் மேப்பிள், ஓக் மரங்களின் இலைகளில் உள்ள ஈரம் சமிக்ஞையை நலிவாக்குகிறது. இலையுதிர்ந்த காட்டில் அந்தத் தடை பெருமளவு குறைந்து, வானம் திறந்துகொள்கிறது. ஊசியிலை மரங்கள் நிறைந்த பகுதிகளில் இந்தச் சலுகை கிடையாது. கிளைகளில் ஈரப்பனி தங்கியிருந்தால் நிலைமை கோடையைவிட மோசமாகவும் ஆகலாம். காய்ந்த பனி இந்த அலைகளை ஏறக்குறையத் தடையின்றி விடும். உருகத் தொடங்கிய பனி விடாது.

தேடுபவருக்குத் தொல்லை தரும் இன்னொரு பிழை, சமிக்ஞை நேராக வராமல் பாறையிலோ கட்டிடத்திலோ பனிப்பரப்பிலோ பட்டுத் திரும்பி வருவதால் ஏற்படுவது. இந்தத் தொல்லையையே அளவுகோலாக மாற்றியவர் கொலராடோ பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் லார்சன். நேரே வரும் அலையும் பனியில் பட்டு வரும் அலையும் ஒன்றோடொன்று கலக்கும்போது, கூடியும் குறைந்தும் ஒரு வடிவம் தோன்றும். அதிலிருந்து பனிப்பரப்பு ஆன்டெனாவுக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம் என அவரும் உடன் ஆய்வாளர்களும் 2009-ல் காட்டினார்கள். நிலநடுக்க ஆய்வுக்காக நடப்பட்ட ஜி.பி.எஸ். நிலையங்கள் அதன்பின் பனியின் ஆழத்தையும் அளக்கத் தொடங்கின. ஒருவர் பிழையென்று ஒதுக்கியதிலிருந்து மற்றொருவர் ஒரு கருவியையே உருவாக்கிய அருமையான எடுத்துக்காட்டு இது.

திசையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஜி.பி.எஸ். தன்னளவில் இடத்தை மட்டுமே சொல்லும்; அடுத்தடுத்த இரண்டு இடங்களை ஒப்பிட்டுத்தான் திசையை ஊகிக்கிறது. ஆழமான பனியில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் தள்ளாடி நடக்கும்போது, அந்த அசைவு அளவீட்டுப் பிழையில் மூழ்கிப்போய், திரையில் உள்ள அம்பு தடுமாறிச் சுழலும். அப்போது காந்தத் திசைகாட்டி நம்பத்தக்கது. மினசோட்டாவில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பது அங்குள்ளவர்களுக்கு ஒரு வசதி.

மின்கலமும் பெட்டியும்

கைபேசிகளில் உள்ள லித்தியம் அயனி மின்கலத்துக்குள் அயனிகள் திரவத்தின் வழியே நகர வேண்டும். குளிரில் அந்த நகர்வு மந்தமாகிறது, உள்மின்தடை கூடுகிறது. கால் பங்குக்கு மேல் மின்சாரம் மிச்சமிருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும் கைபேசி சட்டென்று அணைந்துபோவது இதனால்தான். மின்னூட்டம் தீர்ந்துவிடவில்லை, எடுக்க முயலும்போது மின்னழுத்தம் சரிகிறது. சூடுபடுத்தினால் மீண்டும் உயிர் வரும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது அதற்கு மின்னேற்றம் செய்வது மட்டும் கூடாது. லித்தியம் உலோகமாகப் படிந்து மின்கலத்தை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். தனி ஜி.பி.எஸ். கருவிகளில் போடும் சாதாரண ஆல்கலைன் மின்கலங்களில் நீர் கலந்த கரைசல் உள்ளதால் அவையும் குளிரில் தளர்ந்துவிடும். நீரில்லாத லித்தியம் ஒருமுறை மின்கலங்கள் -40 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்யும்.

கைபேசியைச் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொண்டால் மின்கலம் சூடாக இருக்கும். ஆனால் மனித உடலே பெரும்பாலும் நீர் என்பதால், அங்கே சமிக்ஞை சரியாக எட்டாது. வெளியே எடுத்ததும் காட்டும் முதல் எண்ணை நம்பாமல், சற்று நேரம் வானத்துக்குக் காட்டிக் காத்திருக்க வேண்டும்.

பெட்டியின் கதை இதைவிடக் கவனிக்கத்தக்கது. சமையலறை டப்பாக்கள் பல பாலிபுரொப்பிலீனால் ஆனவை. உறைநிலையை ஒட்டியும் அதற்குச் சற்றுக் கீழேயும் அந்தப் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகள் அசைவை இழந்து கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையைப் பெறுகின்றன. ஜனவரியில் அதன் மூடியைத் திருகினால் விளிம்பு உடைந்து கையோடு வந்துவிடும். பாலிஎத்திலீன் இதைவிட மிகக் கீழான வெப்பநிலையிலும் வளைந்துகொடுக்கும். ராணுவம் பயன்படுத்திக் கழித்த தோட்டாப் பெட்டிகளைப் பலரும் விரும்புவதற்குக் காரணம், அவற்றின் எஃகு உடலும் ரப்பர் விளிம்பும் ஈரத்தை உள்ளே விடாமல் காப்பதே. ஈரம்தான் முதல் எதிரி. நீர் உறையும்போது அதன் கனஅளவு 9 விழுக்காடு கூடும். மூடியின் இடுக்கில் தேங்கிய சில சொட்டுகள் இரவில் உறைந்து இடுக்கை அகலமாக்க, பகலில் இன்னும் கொஞ்சம் நீர் நுழையும். நான்கைந்து முறை உறைந்து உருகினால் குறிப்பேடு ஒரே கட்டியாகிவிடும். பேனா மை உறைந்துபோகும் இடத்தில் பென்சில் எழுதும். பனிக்காலப் பெட்டிகளில் பென்சில் இருப்பதன் காரணம் அதுவே.

பனிக்கு மேலே, பனிக்குக் கீழே

ஒவ்வொரு பெட்டிக்கும் தேடும் கடினம், நிலத்தின் கடினம் என்று ஒன்று முதல் ஐந்து வரை இரண்டு மதிப்பெண்கள் உண்டு. நல்ல நடைபாதையில் கோடைக்குத் தரப்பட்ட ஒன்றரை மதிப்பெண், முழங்கால் ஆழப் பனியில் பொருளற்றது. ஆகவே பனியிலும் எடுக்கக்கூடிய பெட்டிகளின் பக்கத்தில் ஒரு பனித்துகள் சின்னம் சேர்க்கப்படுகிறது. பனிமட்டைகள் தேவைப்படும் இடத்துக்குத் தனிச் சின்னம் இருக்கிறது. அகன்ற சட்டத்தில் தோல்வார் பின்னிய இந்தப் பனிமட்டைகள் இப்பகுதிக்குப் புதியவை அல்ல. ஒஜிப்வே மக்கள் பல தலைமுறைகளாக ஆஷ் மரத்தை வளைத்து அவற்றைச் செய்து, அதே காடுகளில் வேட்டைக்குச் சென்றார்கள்.

பனித்துகள் சின்னத்துக்குத் தகுதியான பெட்டி தரையில் இருக்கக் கூடாது. மார்பு உயரத்தில், மரத்தின் கிளையில் கொக்கியால் தொங்கவிடுவது நல்ல முறை. ஆணி அடிக்கக் கூடாது. விழுந்த மரத்தின் அடியில், கல்லுக்குக் கீழே, வேர்களின் நடுவே வைத்தவையெல்லாம் டிசம்பரில் காணாமற்போய் ஏப்ரலில்தான் கண்ணில் படும். தேடுபவரின் உத்தியும் அதற்கேற்ப மாறுகிறது. முதலில் பனிமட்டத்துக்கு மேலே இருப்பவற்றைப் பார்க்க வேண்டும். மரத்தண்டைச் சுற்றிக் கிண்ணம்போல் பனி குறைந்திருக்கும் பள்ளங்களையும், இயற்கையாக வராத நேர்கோடுகளையும், ஒரு மரப்பட்டைத் துண்டு மற்றொன்றின் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதையும் கண் பிடிக்க வேண்டும். ஒளித்தவர் தரும் துப்பு, ஒவ்வோர் ஆங்கில எழுத்தையும் பதின்மூன்று இடம் தள்ளி எழுதும் எளிய சங்கேதத்தில் இருக்கும். கோடையில் அதைப் படிக்காமலே தேடுவது பெருமை. பனியில் அதை வீட்டிலேயே படித்துவிட்டுக் கிளம்புவதே அறிவுடைமை.

பனி மறைப்பதோடு காட்டியும் கொடுக்கிறது. முதலில் வந்தவரின் காலடித் தடம் நடைபாதையிலிருந்து பிரிந்து நேரே பெட்டிக்குச் சென்று திரும்பியிருக்கும். பின்னால் வருபவருக்குத் தேடும் இன்பம் போய்விடும். விளையாட்டைப் பற்றி ஏதும் அறியாதவர் பின்தொடர்ந்து பெட்டியைத் தூக்கிச் சென்றுவிடவும் கூடும். இதற்காகச் சிலர் வேறு மரங்களையும் சுற்றி நடந்து பொய்த்தடங்கள் பதித்துவிட்டுப் போகிறார்கள். இந்தப் பழக்கம் கெட்டிக்காரத்தனமாகத் தோன்றினாலும், பனியின் கீழே நடப்பதை அறிந்தவர் அதைச் செய்யத் தயங்குவார்.

புதிதாக விழுந்த பனியின் கனஅளவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் காற்றுதான். அந்தக் காற்று அசையாமல் சிறைப்பட்டிருப்பதால், பனி நிலத்தின் வெப்பத்தை வெளியே விடுவதில்லை. ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் படிந்துவிட்டால், மேலே காற்று -25 டிகிரியாக இருக்கும்போதும் தரைமட்டத்தில் உறைநிலையை ஒட்டிய வெப்பமே நிலவும். நிலத்திலிருந்து எழும் நீராவி அடிப்பனியை அரித்துப் பெரிய, தளர்ந்த படிகங்களாக மாற்றுவதால், அங்கே தாழ்வான ஒரு வெற்றிடமும் உருவாகிறது. வோல் எலிகளும் மூஞ்சூறுகளும் குளிர்காலம் முழுவதும் இந்தக் கூரையின் கீழ் சுரங்கம் அமைத்து வாழ்கின்றன. மேலே நிற்கும் செந்நரி, பனிக்கு அடியில் ஓடும் எலியின் ஒலியைக் கேட்டே உயரத் தாவி மூக்கால் பனியைத் துளைக்கிறது. 2011-ல் செக் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட அவதானிப்பின்படி, நரிகள் பெரும்பாலும் வடகிழக்கு நோக்கியே தாவுகின்றன. அந்தத் திசையில் தாவும்போது இரை கிடைப்பதும் அதிகம். பூமியின் காந்தப் புலத்தைக் கொண்டு அவை தொலைவைக் கணிக்கின்றனவா என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. மினசோட்டாவின் கிரவுஸ் பறவை இன்னொரு வழியில் பனியைப் பயன்படுத்துகிறது: மாலையில் பறந்துவந்து தூள்பனிக்குள் பாய்ந்து, உள்ளேயே இரவைக் கழிக்கிறது.

காலால் மிதித்து இறுக்கிய பனியில் காற்று குறைந்து வெப்பம் எளிதாகக் கடத்தப்படுகிறது. கீழே நிலம் ஆழமாக உறைகிறது, சுரங்கங்கள் அடைபடுகின்றன. ஒரே ஒருவரின் தடத்தால் பெரிய தீங்கில்லை. நூறு பேர் ஒரே மரத்தைச் சுற்றி வட்டமடிப்பதும், ஏமாற்றுத் தடங்களுக்காக இன்னும் பத்து மரங்களைச் சுற்றுவதும் அப்படியல்ல. நடைபாதையிலிருந்து நான்கைந்து அடிக்குள், பனிமட்டத்துக்கு மேலே பெட்டியைத் தொங்கவிடுவதே இந்த விளையாட்டுக்கும் காட்டுக்கும் சேர்ந்து நல்லது. அதனால் தேடலின் சுவை குறைவதில்லை. நல்ல மறைவிடத்துக்குத் தொலைவு தேவையே இல்லை.

பூங்காவின் மற்ற பயனாளிகளையும் எண்ணிப்பார்க்க வேண்டும். பனிச்சறுக்குக்காக இயந்திரத்தால் சீராக்கிய பாதையில் பூட்ஸ் காலோடு நடந்தால், ஆழமான குழிகள் விழுந்து உறைந்துபோகும்; சறுக்கி வருபவர் அதில் சிக்கி விழுவார். ஓரமாகவும் நடக்கக் கூடாது என்பதே பல பூங்காக்களின் விதி. பெட்டி வைப்பதற்கும் விதிகள் உள்ளன. மினசோட்டா மாநிலப் பூங்காக்களில் பூங்கா நிர்வாகத்தின் அனுமதி தேவை. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் உடைமையை 24 மணி நேரத்துக்கு மேல் கவனிப்பாரின்றி விட்டுச்செல்வது பொதுவிதிப்படி குற்றம். ஆகவே அங்கே பெட்டி இல்லாத வகைகளே பெரும்பாலும் நடக்கின்றன: பாறை அடுக்கையோ பனியாறு விட்டுச்சென்ற தடத்தையோ பார்த்து, கேள்விக்கு விடை எழுதும் எர்த்கேஷ் அவற்றில் ஒன்று. இரண்டு பெட்டிகளுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பது எல்லா இடத்துக்கும் பொதுவான நெறி.

உடலும் ஏரியும்

திரையில் உள்ள அம்பு பறவை பறக்கும் நேர்கோட்டையே காட்டும். கோடையில் குறுக்கே ஏரி வந்தால் தேடுபவர் சுற்றிப் போவார். குளிர்காலத்தில் அதே ஏரி வெண்மையான மைதானமாக விரிந்து, நேரே வா என்று அழைக்கும். இந்த விளையாட்டில் உயிரைப் பறிக்கக்கூடிய ஆபத்து இதுதான். நடந்துசெல்லப் புதிய, தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலம், அதாவது 10 சென்டிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும் என்று மினசோட்டா இயற்கை வளத் துறை சொல்கிறது. பனி கலந்து உறைந்த வெள்ளைக் கட்டிக்கு அந்த வலிமையில் பாதிதான். தடிமன் இரு மடங்கு வேண்டும். மேலே பனிப்போர்வை இருந்தால் கட்டி மெல்லியதாகவே நின்றுவிடும். எந்த நிறம் என்பதும் கண்ணுக்குத் தெரியாது. மிசிசிப்பியும் மினசோட்டா ஆறும் கூடும் ஃபோர்ட் ஸ்னெல்லிங் பூங்கா போன்ற இடங்களில் ஓடும் நீர் கட்டியை அடியிலிருந்து அரிக்கும். அங்கே எந்தத் தடிமனையும் நம்ப முடியாது. எந்தப் பனிக்கட்டியும் முழுப் பாதுகாப்பானது அல்ல என்று துறை ஆண்டுதோறும் எச்சரிக்கிறது.

குளிர் மெதுவாகத் தாக்கும். -18 டிகிரியில் மணிக்கு 24 கிலோமீட்டர் காற்று வீசினால், திறந்த தோல் -28 டிகிரியில் காற்றில்லாமல் இருப்பதுபோல் வெப்பத்தை இழக்கும். அரை மணி நேரத்தில் தோல் உறைந்து புண்ணாகலாம். நடக்கும்போது உடல் தானே வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளும். இடத்தை அடைந்து, நின்று, தேடத் தொடங்கியதும் அந்த வெப்பம் நின்றுவிடுகிறது. நடந்து வந்தபோது வியர்த்த துணி இப்போது குளிர்விக்கத் தொடங்குகிறது. பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால், அதை உள்ளாடையாகக்கூட அணிய வேண்டாம் என்பது வடநாட்டு நடைப்பயணிகளின் உறுதியான அறிவுரை. கம்பளியோ செயற்கை இழையோ அடுக்கடுக்காக இருக்க வேண்டும். குறிப்பேட்டில் எழுதக் கையுறையைக் கழற்றும் ஓரிரு நிமிடம்தான் விரல்களுக்கு மிக மோசமான நேரம். எஃகுப் பெட்டி அந்த நொடியே விரலின் வெப்பத்தை உறிஞ்சத் தொடங்கும். தடித்த கையுறைக்கு உள்ளே மெல்லிய கையுறை ஒன்றை அணிந்திருந்தால் வெறுங்கை உலோகத்தில் படாது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் கை தடுமாறும், பேச்சு குழறும், முடிவெடுக்கும் திறன் மங்கும். பாதிக்கப்பட்டவர் தாமாக அதை உணர்வதில்லை என்பதால், தனியாகச் செல்லக் கூடாது. டிசம்பர் 21-ஐ ஒட்டி மினியாபொலிஸில் பகல் 8 மணி 46 நிமிடமே. பிற்பகல் நான்கரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஆகவே திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே குறித்துக்கொண்டு, பெட்டி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதைக் கடைப்பிடிக்க வேண்டும்.

ஏப்ரலில் பனி உருகியதும் பெட்டியின் உரிமையாளருக்கு வேலை தொடங்குகிறது. விரிசல் விட்ட மூடியை மாற்ற வேண்டும். நனைந்த குறிப்பேட்டுக்குப் பதில் புதியதை வைக்க வேண்டும். பனியின் எடையில் கிளை முறிந்திருந்தால் வேறு கிளை தேட வேண்டும். பெட்டி சில மீட்டர் நகர்ந்திருந்தால் எண்களை மீண்டும் அளந்து, பல அளவீடுகளின் சராசரியை எடுத்து வெளியிட வேண்டும். குளிர்காலம் முழுவதும் பனிக்குள் புதைந்திருந்த குப்பைகளும் அப்போதுதான் வெளியே வரும். தேடப் போகும் வழியில் அவற்றைப் பொறுக்கிவரும் வழக்கம் 2002 முதல் கூட்டு நிகழ்வாகவே நடந்துவருகிறது. வசந்தகாலத்தில் பல பூங்காக்களின் நடைபாதைகளை ஜியோகேஷிங் குழுக்கள் சேர்ந்து துப்புரவு செய்கின்றன.